நான்கு பெயருள்ள பேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். ஆய்வாளர்களின் அறிமுகக் குறிப்புகளில் ‘கிராமங்களில் மக்களோடு பணியாற்றியவர்’ என்ற வரி தவறாமல் வருகிறது. புள்ளியியல் தெரிந்தவருக்கு அது எதற்கு? சேவை மனப்பான்மைக்குச் சான்றா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேவைக்குச் சான்று என்பதைவிட, சரியான கேள்வியைக் கேட்பதற்கான பயிற்சி என்பேன்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்யத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உப்பை விரலின் முதல் ரேகை வரைதான் அள்ள வேண்டும். கூடினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வரலாம். தண்ணீர் அளவு இன்னும் சிக்கல். அளவுப் பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்காது. அதனால் அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அளந்து ஊற்றி, மட்டத்தை அடையாளமிட்டார்கள்.

சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் தாயைக் கேட்டு, கரைசலையும் செய்யச் சொல்வார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ, அதற்கேற்பத்தான் பணியாளருக்குக் கூலி. மாதிரிகள் ஆய்வகத்துக்கும் போயின. செய்முறை தாய்மாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் பிள்ளைக்குப் பேதி கண்டபோது அதைக் கொடுத்தவர்கள் சொற்பம்.

தெரிந்தும் ஏன் கொடுக்கவில்லை? அந்தக் கிராமங்களில் பேதி நான்கு வகை: தாய்ப்பாலால் வருவதாகக் கருதிய தூத் ஹாகா, செரியாமையால் வரும் ஒஜீர்னோ, சீதம் போகும் ஆமாஷா, தண்ணீராய்ப் பீறிடும் டயரியா. ‘டயரியாவுக்குக் கரைசல்’ என்றதும், மற்ற மூன்றுக்கும் அது வேண்டாம் என்று தாய்மார் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் மாந்தம் வேறு, சீதபேதி வேறு என்பதுபோலத்தான். பணியாளர்களுக்கும் கரைசலில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். கரைசல் வேலை செய்யும் விதத்தை விளக்கி, நம்பிக்கை வரவைத்த பிறகுதான் அவர்கள் பேச்சு எடுபட்டது. வீட்டு ஆண்களை விட்டுவிட்டதும் தவறு. பின்னர் பள்ளிவாசல், சந்தை என்று போய் அவர்களிடமும் பேசினார்கள்.

ஆகவே, கேள்வித்தாள் எழுதும் முன் பத்துத் தாய்மாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். “பிள்ளைக்குக் கடைசியாக எப்போது வயிறு கெட்டு அடிக்கடி வெளிக்குப் போனது? அதை என்னவென்று சொல்வீர்கள்? முதலில் என்ன கொடுத்தீர்கள்? யார் கொடுக்கச் சொன்னது?” அவர்கள் சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றும் கேள்வித்தாளில் தனித்தனி வரியாக வரட்டும். பிறகு கரைசலை அவர்கள் வீட்டுச் செம்பிலேயே கலக்கச் சொல்லி, தண்ணீரை அளந்து பாருங்கள்.