எம்.எஸ்சி.யா, பி.எட்.டா? ஓர் ஆசிரியரின் கேள்வி பதில்

பதிலளிப்பவர்: தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை இயற்பியல் ஆசிரியர்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். அப்பா பி.எட். சேரச் சொல்கிறார், பேராசிரியர் எம்.எஸ்சி. என்கிறார். எது முதலில், ஐயா?

எந்த வகுப்பின் முன்னால் நிற்க ஆசைப்படுகிறீர்கள், தம்பி? அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆறு முதல் பத்து வரை என்றால் பட்டதாரி ஆசிரியர் பணி. அதற்கு பி.எஸ்சி., பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி, பிறகு நியமனத் தேர்வு. பதினொன்று, பன்னிரண்டு என்றால் முதுகலை ஆசிரியர் பணி. எம்.எஸ்சி., பி.எட். இரண்டுமே வேண்டும், டெட் கேட்பதில்லை. கல்லூரிக்குப் போக நினைத்தால் பி.எட். தேவையே இல்லை. எம்.எஸ்சி.யில் 55 சதவீதமும், கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சியும் பாருங்கள்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரசுப் பள்ளியில் தொடக்க அடிப்படை ஊதியம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். வித்தியாசம் ஐந்நூறுதான்.

வீடு இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும் என்றால் எம்.எஸ்சி. முதலில் என்பேன். ஆய்வகம் உள்ள பாடத்தை வேலைக்குப் போனபின் தொடர்வது மிகவும் சிரமம். முதுகலை ஆசிரியர் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 110 பாடத்துக்கே போகிறது. கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. படித்தது மறக்குமுன் எழுதுபவருக்கே அது சாதகம். வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால் தயங்காமல் பி.எட். சேருங்கள். முதுகலை ஆசிரியர் இடங்களில் பாதி பட்டதாரி ஆசிரியர்களின் பதவி உயர்வால் நிரப்பப்படுகின்றன. எம்.எஸ்சி.யைப் பிறகு முடித்தாலும் அந்த வழி திறந்திருக்கும்.

ஒன்று மட்டும்: "வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் கல்லூரியில் சேர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் சேரலாமா?

ஆராய்ச்சிக்கும் ஆய்வக வேலைக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். பள்ளி ஆசிரியர் பணிதான் குறிக்கோள் என்றால் நிதானியுங்கள், அம்மா. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ, அரசு இணையானது என ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய என் பழைய மாணவி ஒருத்தி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் "இணைத்தன்மை இல்லை" என்ற ஒரே சொல்லோடு திரும்பினாள். இணைத்தன்மை அரசாணையைச் சேர்க்கைக்கு முன்பே படியுங்கள்.

கேள்வி: இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கலாமா?

ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழி விட்டது உண்மைதான். ஆனால் பி.எட்.டுக்கு வகுப்பில் 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம். பள்ளிப் பயிற்சி மட்டும் இரண்டு ஆண்டில் 20 வாரம். இவ்வளவுக்கும் நடுவில் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் எப்போது நிற்பீர்கள்?

கேள்வி: பி.எட். முடித்தால் தொடக்கப் பள்ளியிலும் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. 2018இல் கொடுத்த அனுமதியை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ரத்து செய்தது. அங்கே தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): பி.எட். வெறும் சடங்கு. பாடம் ஆழமாகத் தெரிந்தவனுக்குக் கற்பிக்கத் தானாக வரும். இளைஞர்களின் இரண்டு ஆண்டை ஏன் வீணாக்கச் சொல்கிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். சேர்ந்தவன் நான். அப்போது அது ஓராண்டுதான், 2015இல்தான் இரண்டாண்டானது. பயிற்சிக்குப் போன பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து கேட்டான்: "தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்கிறீர்கள். வாசலில் தேங்கிய மழைநீர் கொதிக்காமலே காய்கிறதே, சார்?"

பதில் எனக்குத் தெரியும். மூலக்கூறுகளின் வேகப் பரவலைத் தேர்வில் வரைந்தவன் நான். அதையே கரும்பலகையில் வரைந்தேன். சிறுவன் பேசாமல் உட்கார்ந்தான். புரிந்து உட்காரவில்லை, பயந்து உட்கார்ந்தான்.

மறுநாள் என் வழிகாட்டி ஆசிரியை அவன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டார். "எப்படி இருக்கிறது?" "ஜில்லென்று இருக்கிறது, டீச்சர்." "சூடு எங்கே போனது?" யோசித்தான். "என் கையிலிருந்து ஸ்பிரிட் எடுத்துக்கொண்டு போய்விட்டது." "அப்படியானால் வாசல் தண்ணீர்?" இந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பேசவில்லை, காத்திருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்." கேள்வி கேட்டபின் காத்திருப்பது ஒரு திறன், ஐயா. பி.எட்.டில் வரும் நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் பழகும் சிறு பாடத்தில், அதைத்தான் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழக்குகிறார்கள். எனக்கு அது தானாக வரவில்லை.

அதே விரிவுரையாளர்: உங்களுக்கு நல்ல ஆசிரியை கிடைத்தார். பெரும்பாலோர் பதிவேடுகளைப் பார்த்து எழுதிவிட்டுப் பட்டம் வாங்குகிறார்களே?

அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பாடத்திட்டக் குறிப்பேட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குபவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்பது எப்படி நியாயம்? வராமலே பட்டம் தரும் இடங்களை ஒழிக்க வேண்டும். அந்தச் சிறுவனைப் போல நாற்பது பேர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல். எது முதலில்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம். எது முதலில்?

முதல் பதில்தான். கணிதத்துக்கு ஆய்வகம் இல்லாததால், வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் எம்.எஸ்சி. படிப்பது எளிது. ஆகவே பி.எட். முதலில் என்றாலும் இழப்பு குறைவு.

கேள்வி: ஆராய்ச்சியில்தான் ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது.

ஆசை இருந்தால் பி.எட்.டைப் பாதுகாப்புக்காகப் பிடிக்காதீர்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் எனும் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

கேள்வி: எம்.எஸ்சி. முடித்தால் பி.எட். ஓராண்டு போதுமாமே?

தேசியக் கல்விக் கொள்கை 2020 அப்படிச் சொல்கிறது. நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் அதைக் கண்ணால் பார்க்கும்வரை இரண்டு ஆண்டு என்றே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: நல்ல பி.எட். கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு வேலைநாளில், யாரிடமும் சொல்லாமல், காலை பதினொரு மணிக்கு அங்கே போங்கள். வகுப்பறையில் மாணவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவியல் ஆய்வகத்தின் பூட்டு திறந்திருக்க வேண்டும்.