மூடியைப் போட்டதும் 10 வாட் எங்கே போனது?

கேள்வி: என் டிரான்ஸ்மிட்டருக்காக 7 மெகாஹெர்ட்ஸுக்கு லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலான அலைவரிசைகளைத் தடுக்கும் சுற்று) ஒன்று செய்து தகரப் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளே இரும்பு, ஃபெரைட் எதுவும் இல்லாத காற்றுச் சுருள்கள்தான். 100 வாட் கொடுத்தால், மூடி இல்லாதபோது டம்மி லோடுக்கு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) 95 வாட் போகிறது. மூடினால் 85. அந்த 10 வாட் தகரத்தில் சூடாகிப் போகிறதா?

பதில்: பெட்டி சுட்டதா என்று எழுதவே இல்லையே! ஃபில்டருக்கு முன்னால் ஒரு பவர் மீட்டர், பின்னால் ஒன்று என்று வைத்திருந்தால் முதலில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். மீட்டரே 5 சதம் பிசகினால் 5 வாட் அங்கேயே தொலைந்துவிடும்.

அப்புறம், முன் மீட்டரில் திரும்பி வரும் பவரையும் படியுங்கள். மூடியோடு 11 வாட் திரும்புகிறது என்றால், ஃபில்டருக்குள் போனதே 89 வாட். 85 வெளியே வந்துவிட்டது. எரிந்தது வெறும் 4. திரும்புவது 1 வாட்தான் என்றால் கதை வேறு. 14 வாட் உள்ளே எரிகிறது, சின்னப் பெட்டி சில நிமிடத்தில் சுட ஆரம்பிக்கும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுத் தொடுங்கள். ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) சூடு பட்டால் ஆற நாளாகும்.

என் ஊகம் முதலாவதுதான், பவர் திரும்பி வருகிறது. சுருளின் காந்தப்புலம் மூடியில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அது சுருளையே எதிர்ப்பதால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) குறைகிறது, மேட்சிங் (டிரான்ஸ்மிட்டரோடு உள்ள பொருத்தம்) கெடுகிறது. நானும் ஒருமுறை மூடியைத் திறந்து வைத்தே அளந்து, நோட்டில் பெருமையாக எழுதிவைத்தேன். மூடி நாலு திருகு போட்ட அன்று மொத்தக் கணக்கும் தப்பு.

தகரம் இதற்கு நல்ல உலோகமும் இல்லை. மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சு ரொம்ப மெல்லியது. மின்னோட்டம் அதைத் தாண்டி அடியில் உள்ள இரும்பில் ஓடி வீணாகும். செம்பில் 7 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுமார் 25 மைக்ரான் ஆழத்துக்குள் அடங்கிவிடும், அதனால் மெல்லிய செம்புத் தகடே போதும். பித்தளை, அலுமினியப் பெட்டியும் சரி. சுருளுக்கும் சுவருக்கும் நடுவே சுருளின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள்.

பெட்டியை மாற்ற மனமில்லையா? சுருளுக்கு நேர் மேலே மூடியில் சின்னத் துளை போடுங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு நானோ விஎன்ஏவை (ஃபில்டரை அளக்கும் சின்னக் கருவி) மாட்டி, பிளாஸ்டிக் குச்சியால் சுற்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். எஸ்11 (திரும்பி வரும் பங்கைக் காட்டும் அளவு) மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே போனால் திரும்புவது 1 சதத்துக்கும் குறைவு. குச்சியை எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.