காணியை விற்று ஐரோப்பிய வேலை அனுமதி வாங்கலாமா? ஒரு விமானியின் கேள்வி

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 31 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. கொழும்பில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக ஏ320 ஓட்டுகிறேன், 2,100 மணிநேரம் பறந்திருக்கிறேன். பயிற்சிக்கு எடுத்த வங்கிக் கடனில் இன்னும் 90 இலட்சம் பாக்கி, வட்டி 14 வீதம். வீட்டு உறுதி ஈட்டில் இருக்கிறது. இப்போதைய நிறுவனத்தை விட்டுப் போனால் 12,000 டொலர் பொண்ட் கட்ட வேண்டும். கையில் 22 இலட்சம் சேமிப்பு உண்டு. ஒரு வளைகுடா நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. வீட்டுக்கு இடம் தந்து மாதம் சுமார் 7,000 டொலர் சம்பளம் என்கிறார்கள். ஆனால் ஒரு ஏஜென்ட் 45 இலட்சம் கொடுத்தால் ஐரோப்பாவில் வேலை அனுமதியும் லைசன்ஸ் மாற்றமும் செய்து தருவதாகச் சொல்கிறார். வெல்லாவெளியில் அப்பாவுக்கு இருக்கும் வயலை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மனைவி அரசாங்க ஆசிரியை, பிள்ளைக்கு இரண்டு வயது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வயலை விற்க வேண்டாம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

விமானி வேலையில் வேலை அனுமதியை எடுத்துத் தருவது வேலைக்கு எடுக்கும் நிறுவனம். வளைகுடாவில் நேர்முகமும் சிமுலேட்டர் பரீட்சையும் முடிந்து நியமனக் கடிதம் வந்த பிறகு, வதிவிட விசாவை நிறுவனமே எடுக்கும். உங்கள் லைசன்ஸ் உண்மையானதுதான் என்று நம்முடைய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அந்த நாட்டு அதிகாரசபைக்கு உறுதிசெய்யும், அங்கே மருத்துவப் பரிசோதனை நடக்கும். இதில் உங்களுக்கு வரும் செலவு சான்றிதழ், மொழிபெயர்ப்பு, அத்தாட்சிப்படுத்தல் போன்றவைதான். புறப்படுவதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஏஜென்டிடம் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஐரோப்பிய லைசன்ஸ் என்பது காசு கொடுத்து மாற்றிக்கொள்கிற ஒன்றல்ல. 13 பாடங்களில் எழுத்துப் பரீட்சை, ஒவ்வொன்றிலும் 75 வீதம் எடுத்தாக வேண்டும், முதல் பரீட்சை எழுதிய மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் அத்தனையும் முடிய வேண்டும். அப்புறம் அவர்களுடைய முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், பறப்புத் தேர்வு. இவ்வளவையும் தாண்டினாலும் அங்கே வசித்து வேலை செய்யும் உரிமை கிடைத்துவிடாது. பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்கள் அந்த உரிமை ஏற்கெனவே உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. பிரித்தானியாவோ 2021 முதல் தனி லைசன்ஸ் முறைக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் உங்களுக்கு அந்த ஆசை இருந்தால், சம்பளம் வாங்கிக்கொண்டே ஆறுதலாகப் படித்து எழுதுங்கள்.

சரி, வளைகுடாக் கணக்குக்கு வருவோம். டொலரை 300 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொள்கிறேன். வீட்டுச் செலவை நிறுவனம் பார்க்கும்போது, சம்பளத்தில் பாதியை அங்கேயே செலவழித்தாலும் மாதம் 3,500 டொலர் மிஞ்சும். பொண்டுக்கான தொகை மூன்றரை மாத மிச்சம். ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு, அதாவது 21,000 டொலர், இன்னொரு ஆறு மாதம். 90 இலட்சம் கடன் என்பது 30,000 டொலர், அது எட்டரை மாதம். இடையில் ஓடும் வட்டியையும் சேர்த்தால் இரண்டு வருடத்துக்குள் எல்லாம் முடிந்து, வீட்டு உறுதி கைக்கு வந்துவிடும். இதற்கு ஏன் வயல் போக வேண்டும்?

சிக்கல் ஒன்றுதான்: பொண்டைப் போவதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும். அது 36 இலட்சம், கையில் இருப்பது 22. முதலில் உடன்படிக்கையை எடுத்து வாசியுங்கள். தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுவதுமா? குறைகிறதென்றால் சேரும் திகதியைச் சில மாதம் தள்ளிக் கேட்பதே இலாபம். தவணையில் கட்ட விடுவார்களா என்று இங்கேயும், முற்பணம் தருவார்களா என்று அங்கேயும் கேளுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால், மிச்சம் 14 இலட்சத்துக்கு நகையை வங்கியில் அடகு வையுங்கள். நான் சாதாரணமாக அடகு வைக்கச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் நகை சில மாதத்தில் திரும்பி வரும், விற்ற வயல் வராது.

புது நிறுவனமும் தன் பங்குக்குப் பொண்ட் போடும். அவர்களே உங்களை நிறுத்தினாலும் நீங்கள் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். 2020இல் கொரோனா வந்தபோது வளைகுடாவின் பெரிய நிறுவனங்களே நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. வேலை போனால் விசாவும் போகும், சிறிது காலத்துக்குள் குடும்பத்தோடு புறப்பட வேண்டிவரும். ஆறு மாதக் கையிருப்பை கடனுக்கு முன்னால் வைத்தது அதனால்தான். அதை வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்திருங்கள். திர்ஹமும் கட்டார் ரியாலும் டொலரோடு கட்டப்பட்ட நாணயங்கள், நீங்கள் பட்ட கடனோ ரூபாயில். 2022இல் டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டியதை நாம் பார்த்தோம். அப்படி இன்னொரு முறை நடந்தால் அந்தக் கடன் உங்களுக்குச் சுருங்கும், பொண்ட் பெருக்கும். ஆகவே டொலரில் கட்ட வேண்டிய பொண்டை முதலில் முடியுங்கள்.

கையிருப்பு சேர்ந்ததும் மிச்சம் முழுவதும் 14 வீதக் கடனுக்குப் போகட்டும். அதற்கு முன்னால் கல்லடியில் காணி வாங்கலாம், வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று சொந்தக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை உங்கள் உடம்பு. உங்கள் வருமானம் முழுவதும் ஒரு மருத்துவச் சான்றிதழில் தொங்குகிறது. அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், 60 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நம் பக்கத்தில் சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீடு எது? இன்சுலின் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் பெரும்பாலான நாடுகளில் அந்தச் சான்றிதழ் கிடைப்பது மிகக் கடினம். லைசன்ஸ் இழப்புக் காப்புறுதி என்று விமானிகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. நிறுவனம் அதைத் தருகிறதா, எத்தனை மாதச் சம்பளத்துக்கு, முன்பே இருந்த நோய்க்கும் செல்லுமா என்று பாருங்கள். போதாவிட்டால் சொந்தச் செலவில் ஒன்று எடுங்கள். கடன் முடியும்வரை அந்தப் பிரீமியத்தைக் கைவிடவே கூடாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: அமீரகத்திலும் கட்டாரிலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் 12 மாதத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் நின்றால், வரிக் கணக்கில் இங்கே வதிவாளராகிவிடுவீர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் ஒரு வரி ஆலோசகரிடம் பேசுங்கள். சேமலாப நிதியை எடுத்துக் கடனைக் கட்டலாம் என்று எண்ண வேண்டாம், வேலைக்காகத் தற்காலிகமாகப் போகிறவருக்கு அது கிடைக்காது. ஐந்து வருடச் சேவை முடிந்திருந்தால் பணிக்கொடை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

மனைவி வேலையை விட வேண்டாம். பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், சம்பளமற்ற விடுமுறைக்கு என்ன நிபந்தனை என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் பரீட்சார்த்த காலம் முடிந்த பிறகு அவரும் பிள்ளையும் வரட்டும். புறப்படுவதற்கு முன் அவர் பெயரில் ஓர் அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதி வைத்தால், ஈட்டை மீட்கும் நாளில் நீங்கள் விடுமுறை எடுத்து ஓடிவரத் தேவையில்லை.