உங்கள் ஊர் மக்களுக்கு விண்வெளி ஆய்வில் உண்மையான ஆர்வம் இருக்கிறதா, இல்லை ராக்கெட் விடும் நாளில் மட்டும் வரும் பரபரப்பா?

உண்மையான ஆர்வம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது வானத்தைப் பார்த்து வந்த ஆர்வம் இல்லை, ஆட்களைப் பார்த்து வந்த ஆர்வம்.

நான் பணகுடி பக்கம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி, இன்னும் கொஞ்சம் போனால் காவல்கிணறு, அதைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். மேற்கே மகேந்திரகிரி மலை. அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2014 வரைக்கும் அது திரவ உந்து அமைப்பு மையத்தின் ஒரு பகுதி, அதனால் வயதானவர்கள் இன்னும் எல்பிஎஸ்சி என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் யாரோ ஒரு அத்தானோ சித்தப்பாவோ அங்கே வெல்டராக, ஃபிட்டராக, டிரைவராக, கேன்டீனில், ஒப்பந்த வேலையில் இருந்திருப்பார். ஆகவே ராக்கெட் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது காலை ஷிஃப்ட் பஸ்ஸும் மாதச் சம்பளமும்தான். நிலாவும் செவ்வாயும் அதற்கு அப்புறம்தான் வந்தன. சில வீடுகளில் இன்னும் வரவே இல்லை.

வெளியூர்க்காரர்கள் வந்தால் "இங்கே எப்போ ராக்கெட் விடுவாங்க?" என்று கேட்பார்கள். இங்கே விடுவதில்லை. இன்ஜினை மேடையில் நகராதபடி இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு நெருப்பு மூட்டிப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் வேலை. விகாஸ் இன்ஜின், கிரையோஜெனிக் இன்ஜின் எல்லாமே இங்கே தேறிய பிறகுதான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும். கிரையோஜெனிக் என்பது சாதாரண விஷயம் இல்லை. திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில், திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் வைத்திருந்து, அவை இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் சில ஆயிரம் டிகிரி சூட்டில் எரிய வைக்க வேண்டும், அதுவும் காற்றே இல்லாத உயரத்தில் எரியப்போகும் இன்ஜின் என்பதால் அந்த வெற்றிடத்தையும் தரையிலேயே உண்டாக்கிச் சோதிக்க வேண்டும். சந்திரயான் 3ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் சிஇ 20 என்ற கிரையோஜெனிக் இன்ஜின் 2023 பிப்ரவரி 24 அன்று இங்கேதான் 25 விநாடி எரிந்து தேறியது. அந்த 25 விநாடியைப் பற்றி எங்கள் பகுதியில் தெரிந்தவர்கள் அன்றைக்கு ரொம்பக் குறைவு. ஜூலை 14 அன்று ராக்கெட் கிளம்பிய பிறகு, "அந்த மேல் இன்ஜின் நம்ம மலையில டெஸ்ட் பண்ணுனது" என்று டீக்கடையில் பேச்சு வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது.

சந்திரயான் 3 நிலாவில் இறங்கிய, அந்த வருஷம் ஆகஸ்ட் 23 சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை, சில பள்ளிகளில் ஆசிரியர்களே புரொஜெக்டர் வைத்திருந்தார்கள், பலசரக்குக் கடை அண்ணாச்சி டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். இஸ்ரோவின் யூடியூப் நேரலையை மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அந்தக் கணக்கைவிட என்னை அதிகம் பாதித்தது ஒன்று உண்டு. திரையில் காட்டியது என்ன? நிலாவின் படம் கொஞ்ச நேரம்தான். மற்றபடி ஒரு கிராஃப். உயரம் குறையக் குறைய ஒரு கோடு வளைந்து இறங்குகிறது, அதன் மேலேயே லேண்டர், அதாவது நிலாவில் இறங்கும் கலம், இருக்கும் இடம் நகர்ந்துகொண்டு போகிறது. பள்ளிக்கூடப் படிப்போடு கிராஃபை மறந்துவிட்டவர்கள், அந்தப் படிப்பே கிடைக்காதவர்கள், எல்லாரும் அந்தக் கோட்டை விட்டுக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். 2019இல் சந்திரயான் 2 இறங்கியபோது 2.1 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகு தொடர்பு போனது பலருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் அந்த உயரத்தைத் தாண்டும்போது என் பக்கத்தில் நின்ற பீடி சுற்றும் அக்கா ஒருவர், "போன தடவை இந்த எடத்துலதானே தம்பி விட்டுச்சு?" என்று கேட்டார். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு தொழில்நுட்பக் கோளாறு எந்த இடத்தில் நடந்தது என்று ஞாபகம் வைத்துக் கேட்கிறவருக்கு இருப்பதைப் பரபரப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மணி ஆறைத் தாண்டி நாலு நிமிஷம் இருக்கும், இறங்கியாயிற்று. வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த சில நாட்கள் பேச்சு முழுக்க ஆட்களைப் பற்றித்தான். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், டிப்ளமோ படித்துவிட்டு அப்புறம் பொறியியல் சேர்ந்தவர். இந்தச் செய்தி எங்கள் பக்கத்து பாலிடெக்னிக் பையன்களிடம் என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். டிப்ளமோ என்றாலே இரண்டாம் தரம் என்று சொந்தக்காரர்கள் வாயால் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒருவன் அவர் படத்தைத் தன் போனில் முகப்பாக வைத்திருந்தான். கே. சிவன் நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் தமிழ் வழியில் படித்து இஸ்ரோ தலைவர் ஆனார். இப்போதைய தலைவர் நாராயணன் அதே கன்னியாகுமரி மாவட்டம், மேலக்காட்டுவிளை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல் 1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைப் பெண். அப்துல் கலாமைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கொஞ்சம் தள்ளி, பொள்ளாச்சி பக்கம்.

"நம்ம ஊர் ஆள்" என்ற இந்தப் பெருமையைச் சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு, அறிவியல் ஆர்வம் வேறு, ஊர்ப்பற்று வேறு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செங்கோட்டையில் எட்டாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு எல் 1 புள்ளி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால், அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி சூரியன் இருக்கும் திசையில் இருக்கிறது என்று தேடிப் படித்தால், அதற்கான முதல் காரணம் தன் ஊர்க்காரப் பெண் ஒருவர் அங்கே ஒன்றை அனுப்பியிருக்கிறார் என்பதாகவே இருக்கட்டுமே. வாசல் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே வந்துவிட்டாள் அல்லவா?

ஆனால் எல்லாரும் உள்ளே வருவதில்லை என்பதுதான் என் கவலை. செப்டம்பர் பிறந்தவுடன் பேச்சு அடங்கிவிட்டது. நிலாவில் இறங்கியதைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அந்த வாரம் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தார்கள்?

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். நானும் சில நண்பர்களும் ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பள்ளி மைதானம், கோயில் கொடை நடக்கும் இடம், பஸ் ஸ்டாண்ட் ஓரம் என்று வாய்த்த இடத்தில் நிலாவைக் காட்டுவோம். முழு நிலா அன்று காட்டினால் பள்ளம் மேடு தெரியாது, வளர்பிறையில் ஏழாம் எட்டாம் நாள்தான் நல்லது, ஒளியும் நிழலும் சேரும் கோட்டில் பள்ளங்கள் அப்படியே எழுந்து நிற்கும். சந்திரயான் 3இன் லேண்டரான விக்ரம் இறங்கிய இடம் கிட்டத்தட்ட 69 டிகிரி தெற்கில், விளிம்புக்குப் பக்கம். எங்கள் தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாக வரும் என்பதால் அதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், விக்ரம் தெரியுமா?" தெரியாது. அது ஏறக்குறைய ஒரு ஆட்டோ அளவுதான், நிலா சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியாலும் அதைப் பார்க்க முடியாது என்று சொன்னால் ஏமாந்துபோவார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. அதற்கு அப்புறம்தான் நல்ல கேள்விகளே வரும். அப்படியென்றால் அதோடு எப்படிப் பேசினார்கள்? நாம் சொல்வது போய்ச் சேர எவ்வளவு நேரம்? ஒரு விநாடிக்கு மேல் கொஞ்சம் என்றதும் ஒரு பையன், அப்போ இறங்கும்போது கீழே இருந்து யாரும் ஓட்ட முடியாதே என்று தானாகவே சொன்னான். லேண்டர் தன் முடிவில்தான் இறங்கியது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிரகணமும் அப்படித்தான். 2010 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல், தை அமாவாசையும் கூட. கன்னியாகுமரியில் வளையச் சூரிய கிரகணம் முழுதாகத் தெரிந்த நாள். கடலில் முழுக்குப் போட வந்த கூட்டம் ஒரு பக்கம், கிரகணம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொண்டு மேலே பார்க்கும் கூட்டம் ஒரு பக்கம். மதியம் ஒரு மணிக்கு மேல் வளையம் வந்தபோது முழுக்குப் போட்டவர்களும் கண்ணாடி கேட்டு வந்தார்கள். கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்று எங்கள் வீட்டிலேயே பழக்கம் இருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய் மக்களை வெளியே கூட்டிவந்து காட்டியதால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இந்த வேலைக்குப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை, ஆனால் விண்வெளி மீது ஊர்மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதி அங்கேதான் விளைந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சரி, குலசேகரன்பட்டினம், எங்கள் வாயில் குலசை. இதைப் பற்றித்தான் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் அந்த ஊரில் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள், அன்றே ரோகிணி 200 என்ற சின்ன ஆய்வு ராக்கெட் ஒன்றை அங்கிருந்து விட்டும் காட்டினார்கள். ஏன் குலசை என்றால், பூமியின் துருவங்கள் மேல் சுற்றும் துருவப் பாதைக்கு ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும், அதனால் சுற்றி வளைந்துதான் போக வேண்டும், அதற்கு எரிபொருள் வீணாகும். பெரிய ராக்கெட் தாங்கும். எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அது தூக்கிப்போகும் எடையிலேயே பெரிய பங்கைத் தின்றுவிடும். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல்தான்.

முத்தாரம்மன் தசராவுக்கு லட்சக்கணக்கில் ஆள் சேரும் ஊர் அது, கூட்டம் அதற்குப் புதிது இல்லை. ஆனால் உற்சாகம் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி பக்கம் நிலம் கொடுத்தவர்கள் உண்டு. மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில், ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக விடுவார்களா, எத்தனை நாள் நிறுத்துவார்கள் என்ற கேள்வி உண்டு. இவர்களை அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று இணையத்தில் சிலர் எழுதுவதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. இந்திய விண்வெளித் திட்டமே மீனவ மக்கள் கொடுத்த இடத்தில் தொடங்கியதுதான். திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் பூமியின் காந்த நடுக்கோடு போகிறது என்பதற்காக அந்த மக்கள் மேரி மகதலேனா தேவாலயத்தையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்தார்கள், அங்கிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் போனது. அந்தத் தேவாலயக் கட்டடம் இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கொடுப்பவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அவர்கள் கேட்பதற்கு, எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், இழப்புக்கு என்ன வழி என்று தெளிவாகப் பதில் சொன்னால் அந்த ஊர்களைவிட உற்சாகமான ஊர் வேறு இருக்காது.

உங்கள் ஊரில் ஆர்வத்தை வளர்க்க வேண்டும் என்று நினைத்து இதைக் கேட்டிருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்த வாரத்தில் மகேந்திரகிரி வளாகத்தார் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கண்காட்சி வைப்பதுண்டு, உங்கள் பகுதியிலும் இஸ்ரோ மையம் எதுவும் பக்கத்தில் இருந்தால் விசாரித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இன்ஜின் மாதிரி முன்னால் அதைச் செய்த ஆளே நின்று விளக்குவதைக் கேட்பது தனி அனுபவம். ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் அரங்குக்கு இணையத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு போகலாம். எதுவுமே பக்கத்தில் இல்லையென்றால் சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊர் மேல் எப்போது போகும் என்று பார்த்து, அந்த நேரத்துக்குத் தெருப் பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூப்பிடுங்கள். வெறும் கண்ணுக்கே தெரியும், சில நிமிஷத்தில் வானத்தைக் கடந்துவிடும், அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், போதும். அப்புறம் 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் மேல் மறுபடியும் ஒரு வளையச் சூரிய கிரகணம் வருகிறது. இப்போது ஒன்றாவது படிக்கும் பிள்ளை அப்போது தன் தம்பி தங்கைக்கு விளக்கிச் சொல்லும் வயதில் இருக்கும், அதனால் இப்போதே தொடங்கலாம்.

குலசைக்குப் பொறுப்பானவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் எஸ்எஸ்எல்வி அங்கிருந்து போகும் நாளில் பார்வையாளர் இடத்தின் முன்வரிசையை மணப்பாடு, படுக்கப்பத்து, மாதவன்குறிச்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகிறவர்கள் பின்னால் நின்று பார்த்தாலும் ராக்கெட் நன்றாகவே தெரியும்.