அணைத்த பிறகும் எரியும் விளக்கு

வீட்டு மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மேற்கு மாம்பலத்தில் நெடுங்காலமாக வயரிங் ஒப்பந்த வேலை செய்துவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

*ஒரு வாசகி, பெரம்பூர்:* படுக்கையறையில் எல்.இ.டி. பல்பு போட்டோம். சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. பல்பை மாற்றிப் பார்த்தோம், புதியதும் அப்படியே. எலக்ட்ரீஷியன், "எல்.இ.டி. என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆபத்து உண்டா?

அம்மா, அவர் வேலையை முடிக்காமல் பதிலை முடித்துவிட்டார். அணைத்த பல்பு எரிகிறது என்றால் எங்கிருந்தோ துளி மின்சாரம் அதற்குப் போய்ச் சேர்கிறது. பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி போதாது. அதனால் தவறு இருந்தாலும் வெளியே தெரியாது. எல்.இ.டி. அதை வைத்தே கொஞ்சம் எரிந்து காட்டிவிடும்.

முதலில் சுவிட்சைப் பாருங்கள். அணைத்திருக்கும்போது அதில் குட்டி இண்டிகேட்டர் ஒளிர்கிறதா? அப்படியானால் அந்த இண்டிகேட்டர் வழியாகத்தான் கசிவு. இண்டிகேட்டர் இல்லாத சாதா சுவிட்சாக மாற்றினால் தீர்ந்தது. இண்டிகேட்டர் இல்லையென்றால், சுவிட்சுக்கு வந்து போகும் கம்பிகள் மின்சாரம் கொண்டுவரும் வேறு ஃபேஸ் கம்பிகளோடு ஒரே பைப்பில் நீண்ட தூரம் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் கம்பியின் தூண்டலிலேயே பல்பு இலேசாக மினுங்கும். அதுவும் ஆபத்தில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்குக் கவலை தருவது. உங்கள் வீட்டில் சுவிட்ச், ஃபேஸில் இல்லாமல், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கலாம்.

பல்பைப் பொறுத்தவரை இரண்டு கம்பிகளில் எதைத் துண்டித்தாலும் அணைந்துவிடும். உங்களைப் பொறுத்தவரை அப்படி இல்லை. ஃபேஸில் சுவிட்ச் இருந்தால், அணைத்ததும் பல்பு ஹோல்டருக்கு 230 வோல்ட் வராது. நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டர் முழு உயிரோடு காத்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அலுமினிய ஏணியில் ஏறிப் பல்பைக் கழற்றுகிறவர் விரல் அந்தப் பித்தளை முனையில் பட்டால் போதும்.

எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு, சுவிட்சை அணைத்த நிலையில் ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. மிக மங்கலாக எரிந்தால் தூண்டலாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் இப்படி என்றால் அந்த போர்டிலேயே மாற்றிவிடலாம். வீடு முழுவதும் இப்படி என்றால் தவறு மெயினில் இருக்கிறது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைப் பழுது பார்த்தபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். அந்த நிலையில் ஒரே கம்பியை மட்டும் துண்டிக்கும் (ஒற்றைத் துருவ) எம்.சி.பி. சுவிட்சை இறக்கினால்கூட நியூட்ரல்தான் துண்டிக்கப்படும். "மெயினையே இறக்கிவிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே ஷாக் வாங்குவது இப்படித்தான். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. உடனே சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

*ஒரு வாசகர், நங்கநல்லூர்:* கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். இரண்டு மீட்டர்கள். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டு மாதம் முன்பு பெயிண்ட் அடித்தபோது சுவிட்சுகளை மாற்றினோம். அதிலிருந்து, மேலே இருப்பவர்கள் அவர்கள் சுவிட்சை ஒரு பக்கமாக வைத்தால்தான் எங்களால் கீழிருந்து போட முடிகிறது. விளக்கு யார் மீட்டரில் ஓடுகிறது என்று ஒரு வருத்தம் வேறு.

ஐயா, பெயிண்ட் அடித்தபோது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. சுவிட்சைக் கழற்றியவர் எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை.

டூ வே சுவிட்சின் முதுகில் மூன்று திருகுகள் இருக்கும். அதில் ஒன்று காமன், மற்ற இரண்டுக்கும் பொதுவானது. கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ் வர வேண்டும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்குப் போக வேண்டும். இரண்டு சுவிட்சுகளிலும் மீதமுள்ள இரண்டிரண்டு திருகுகளை மாடிப்படி நெடுக ஓடும் இரண்டு கம்பிகள் இணைக்கும். இரண்டு சுவிட்சுகளும் ஒரே கம்பியில் நின்றால் விளக்கு எரியும். ஆளுக்கொரு கம்பியில் நின்றால் அணையும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போகும், சுவிட்சுக்குள் நுழையவே கூடாது. உங்கள் வீட்டில் ஏதோ ஒரு சுவிட்சில் காமனுக்குரிய கம்பி பக்கத்துத் திருகில் மாட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி அதற்கே உரியது.

காமன் பெரும்பாலும் நடுத்திருகாக இருக்கும். ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இல்லை, அதனால் யூகத்தில் மாட்டக் கூடாது. மெயினை இறக்கி, சுவிட்சை வெளியே எடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு திருகில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையால் மற்ற இரண்டையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். சுவிட்சை மேலே தட்டினால் ஒரு திருகோடு 'பீப்' என்று ஒலிக்கும், கீழே தட்டினால் இன்னொரு திருகோடு 'பீப்' என்று ஒலிக்கும். இப்படி இரண்டு நிலையிலும் யாராவது ஒருவரோடு பேசிக்கொண்டே இருக்கும் திருகுதான் காமன். மற்ற இரண்டும் ஒன்றோடொன்று எந்த நிலையிலும் பேசாது. ஒரு நிமிட வேலை. இதைச் செய்ய அலுத்துக்கொண்டு, கம்பிகளை மாற்றி மாற்றி மாட்டி, "இப்போது போட்டுப் பாருங்கள்" என்று மாடியைப் பார்த்துக் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டு மீட்டர் வீடுகளில் இன்னொரு கோளாறும் உண்டு. கம்பி மிச்சம் பிடிப்பதற்காக, கீழ் சுவிட்சுக்குக் கீழ்வீட்டு ஃபேஸும் நியூட்ரலும், மேல் சுவிட்சுக்கு மேல்வீட்டு ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்து, இரண்டு காமன்களுக்கும் நடுவே விளக்கைத் தொங்கவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஃபேஸ் வந்து நின்றாலும் விளக்கு அணையும், அதாவது அணைந்த விளக்கின் இரண்டு முனையும் உயிரோடு இருக்கும். இரண்டு வீடுகளுக்கும் வெவ்வேறு ஃபேஸ் வந்தால் இன்னும் மோசம்: ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே ஏறக்குறைய 400 வோல்ட். பல்பு தாங்காது. உங்கள் போர்டைத் திறக்கும்போது சுவிட்சுக்குள் கறுப்புக் கம்பி நியூட்ரலாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் இன்னொரு கம்பி இழுத்துத்தான் ஆக வேண்டும்.

மீட்டர் விஷயம். ஃபேஸ் எந்த மீட்டரிலிருந்து வருகிறதோ, நியூட்ரலும் அதே மீட்டரிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வீட்டு ஃபேஸையும் இன்னொரு வீட்டு நியூட்ரலையும் கலந்தால், மின்கசிவு கண்டால் விழும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். வருத்தத்துக்கு என் கணக்கு: 9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 3 யூனிட்கூட வராது. உங்கள் மீட்டரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

*ஒரு வாசகி, அண்ணா நகர்:* புதிதாக பி.எல்.டி.சி. மின்விசிறி வாங்கினோம். ரிமோட் இருக்கிறது. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் விசிறி விட்டுவிட்டு ஓடுகிறது.

போதாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து விசிறிக்கு நேராகக் கம்பி கொடுங்கள். அந்த விசிறிக்குள்ளேயே மின்னணுச் சுற்று இருக்கிறது. அதற்கு முழு வோல்டேஜ் வேண்டும். ரெகுலேட்டர் நடுவில் நின்று அதைக் குழப்புகிறது. நல்ல விசிறி வாங்கியிருக்கிறீர்கள். பழையது 75 வாட், இது 30 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 15 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம்.

கழற்றிய ரெகுலேட்டரை இன்னோர் அறையின் சாதா விசிறிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே ரெகுலேட்டரில் இரண்டு விசிறிகளை மாட்டாதீர்கள். விளக்குக்கான டிம்மரை விசிறிக்கும் மாட்டாதீர்கள்.

*ஒரு வாசகி, வேளச்சேரி:* இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது. மாட்டியவர், "அதை நேராக இணைத்துவிடுகிறேன், தொல்லை இருக்காது" என்கிறார்.

விடாதீர்கள். வீட்டில் உயிர் காக்கும் ஒரே கருவியை எடுத்துவிடுவதற்கு அவருக்குக் கூலி வேறா?

ஆர்.சி.சி.பி. ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. ஃபேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் பார்க்கும். வீட்டில் மாட்டும் வகை, இந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். அந்த வித்தியாசம் ஒருவர் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, விசிறிகளின் நியூட்ரல், மற்ற பாயிண்டுகளின் நியூட்ரலோடு ஏதோ ஒரு போர்டில் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கிறது. போனது ஒரு வழி, வந்தது வேறு வழி. கணக்கு இடிக்கிறது.

இன்வெர்ட்டருக்கு ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கம். இரண்டையும் பிரிக்க வேண்டும். எல்லா போர்டுகளையும் திறந்து பார்க்க அரை நாள் பிடிக்கும், அதனால்தான் அவர் குறுக்கு வழி சொல்கிறார். அரை நாள் கூலியைக் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள்.

*ஒரு வாசகர், முடிச்சூர்:* ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடத்து சுவிட்ச் போர்டைத் தொட்டால் இலேசாக ஜிவ்வென்கிறது. சுவர் வெளியே காய்ந்துதான் இருக்கிறது. எங்கிருந்து ஈரம்?

மேலிருந்து. மாடித்தளக் கான்கிரீட்டில் புதைத்த பைப்பும், விசிறி கொக்கி இருக்கும் பெட்டியும்தான் வழி. தளத்தில் விரிசல் இருந்தால் மழை நீர் பைப்புக்குள் இறங்கி, கம்பியோடு கம்பியாக வழிந்து போர்டில் வந்து தேங்கும். அதனால்தான் சுவர் காய்ந்திருக்கிறது. போர்டின் பிளேட்டைக் கழற்றினால் உள்ளே இரும்புப் பெட்டியின் அடியில் துரு பிடித்திருப்பது தெரியும்.

அந்த போர்டுக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, மழை முடியும்வரை அதைத் தொடாதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் காய வைத்தேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது போர்டைத்தான் காய வைக்கும், பைப்பை அல்ல. தளத்தை அடைத்த பிறகு மெகர் வைத்துக் கம்பிகளின் காப்பை (இன்சுலேஷனை) சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் கம்பியை உருவி மாற்ற வேண்டியதுதான். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்டின் இரும்புப் பெட்டிக்கு எர்த் சரியாக இருந்திருந்தால் உங்களுக்கு ஜிவ்வென்றிருக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பகுதி உங்களுடையது. வேலை செய்யும்போதே, தரைத்தள பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அழகு குறையும் என்று வீட்டில் சொல்வார்கள். குறையட்டும்.

*ஒரு வாசகி, ராயபுரம்:* குளியலறையில் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் 6 ஆம்பியர் பிளக் இருக்கிறது. அதிலேயே கீசர் மாட்டலாமா?

கூடாது. 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மெயினிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனிக் கம்பி, 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே.

*ஒரு வாசகர், அம்பத்தூர்:* கல்லூரி மாணவன் நான். வீட்டில் சுவிட்ச், விசிறி வேலையை நானே செய்யலாமா? சட்டப்படி தவறா?

தம்பி, பழுதான சுவிட்சுக்குப் பதில் அதே மாதிரி சுவிட்ச், பழுதான விசிறிக்குப் பதில் விசிறி, இவற்றை மாற்றிக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. 1956 மின்சார விதிகளிலேயே அந்த விலக்கு இருந்தது. புதிய பாயிண்ட் போடுவது, கம்பி இழுப்பது, போர்டை இடம் மாற்றுவது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. அவரிடம் வேலை செய்யும் கம்பியாளுக்கும் சான்றிதழ் இருக்க வேண்டும். இதற்கான மின் உரிமம் வழங்கும் வாரியம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஆர்வம் இருந்தால் அங்கே தேர்வு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை சுவிட்ச் மாற்றுவதாக இருந்தால் மெயினை இறக்குங்கள், வீட்டில் ஒருவரை மெயின் பக்கத்தில் நிற்க வையுங்கள், கழற்றும் முன் கம்பிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்த பிறகே மெயினை இறக்கிவிட்டு இங்கே வையுங்கள். பழுதான டெஸ்டர் எந்தக் கம்பியில் வைத்தாலும் எரியாது.