பெயர் தெரியாத பூச்சியும் நான்கு மாதக் களையெடுப்பும்

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது பகுதி நேரமாக மட்டும் வேலைக்குச் செல்கிறேன். சமூக இயற்கைக் கல்வி மையம் ஒன்றில் நான்கு மாதங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். செடி, பறவை, பூச்சி ஆகியவற்றைப் பற்றிக் கற்றுக்கொள்ளவும் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டவும் ஆசைப்பட்டே சேர்ந்தேன். ஆனால் களை பிடுங்குவதும், குளத்து உயிர்களைப் போட்டுக் காட்டும் தட்டுகளைக் கழுவுவதும், பதிவேடு எழுதுவதுமே என் பங்காக இருக்கின்றன. எனக்குப் பின்னர் வந்த கல்லூரி மாணவர்கள் இருவர் குழந்தைகளை வழிநடத்துகிறார்கள். சென்ற வாரம் ஆள் குறைந்ததால், குளத்தருகே ஒரு குழுவுடன் என்னை நிற்கச் சொன்னார்கள். தட்டில் இருந்த ஒரு பூச்சியைக் காட்டி, “இது என்ன?” என்று ஒரு சிறுவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். அன்று முதல் மையத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. இப்போது விலகிவிட்டு, இயற்கையியலில் ஒரு பட்டயப் படிப்பை முடித்த பிறகு திரும்பிப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விலக வேண்டாம். படிப்பில் சேர விருப்பமிருந்தால் சேருங்கள். ஆனால் அன்று குளத்தருகே நேர்ந்ததை அதற்குக் காரணமாக்காதீர்கள். பட்டயம் பெற்றவருக்கும் அந்தப் பூச்சியின் பெயர் தெரியாமல் போயிருக்கலாம். பூச்சிகளில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ளது. பெயர் பெறாதவை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பூச்சியியலில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள்கூடத் தாம் தேர்ந்துகொண்ட ஏதோ ஒரு குழுவைத்தான் நன்கு அறிவார்கள். நீரில் வாழும் இளம்பருவங்கள் என்றால், இனம் வரை பிரித்தறிவது அவர்களுக்கும் பல நேரங்களில் கடினமே. ஆகவே, தெரியாமல் போனதில் குறையில்லை. பேச்சை மாற்றியதுதான் குறை, ஏனெனில் அந்தச் சிறுவனின் பார்வை தட்டை விட்டு அகன்றது அப்போதுதான்.

அடுத்த முறை, “எனக்கும் தெரியவில்லை” என்று சொன்ன கையோடு அவனுடன் சேர்ந்து தட்டின் மேல் குனியுங்கள். கால்கள் எத்தனை? மூச்சுவிட மேலே வருகிறதா, அடியிலேயே கிடக்கிறதா? தள்ளினால் எப்படி நகர்கிறது? தும்பியின் இளம்பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செவுள்கள் உடலின் பின்முனைக்குள் இருக்கின்றன. பின்புறமாக நீரை உள்ளிழுத்தே அது மூச்சுவிடுகிறது. மிரண்டால் அதே நீரைப் பீய்ச்சியடித்து முன்னே பாய்கிறது. தலைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வுகிறது. சிறகு முளைத்துப் பறக்கும் சில வாரங்களைத் தவிர, பல மாதங்களை, சில இனங்களில் பல ஆண்டுகளை, அது நீருக்கடியிலேயே கழிக்கிறது. இவற்றில் ஒன்றைத் தன் கண்ணால் பார்த்துவிட்ட குழந்தை, பெயரைக் கேட்க மறந்தே போகலாம். கேட்டால், படம் எடுத்து வைத்துக்கொண்டு, மையத்தில் தெரிந்தவரிடம் விசாரித்து, அன்று புறப்படுவதற்குள்ளோ ஆசிரியர் வழியாகப் பின்னரோ பதிலைச் சேர்ப்பியுங்கள். சொன்னபடி பதில் வந்து சேர்வது மிகவும் முக்கியம். பல மையங்கள் கோட்டைவிடும் இடமும் அதுவே.

சுற்றுச்சூழல் கல்விக்கென அரசுகள் கூடிய முதல் உலக மாநாடு 1977ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் நடைபெற்றது. அங்கே வகுக்கப்பட்ட நோக்கங்கள் ஐந்து: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. நீங்கள் அஞ்சுவது அந்த ஐந்தில் ஒன்றைக் குறித்து மட்டுமே.

இனி, உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். களை பிடுங்கும் வேலையை உங்களிடம் ஒப்படைத்தவர்கள், எதைப் பிடுங்குகிறோம், ஏன் பிடுங்குகிறோம் என்று விளக்கியிருந்தால் இந்தக் கடிதம் பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். விளக்காமல் விட்டது மையத்தின் தவறு. தன்னார்வலரைக் கூலியில்லாத ஆளாகக் கருதும் பழக்கம் நல்ல மையங்களிலும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆயினும் அந்த வேலைக்குள் பாடம் இல்லாமல் இல்லை. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வேரோடு எடுக்க வேண்டும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்த்துவிடும் என்பதால், பூத்த பிறகு பிடுங்கினால் அதை நாமே பரப்பியதாக முடியும். அதன் மகரந்தமும் செடியின் மேலுள்ள நுண்மயிர்களும் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குவதால் கையுறை கட்டாயம். உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பிடுங்கி முடித்த இடத்திலும் பறவைகள் அதன் பழங்களைத் தின்று விதையைக் கொண்டுவந்து போடும். பூவோ காயோ இல்லாத நாற்றுப் பருவத்திலேயே ஒரு செடியை இன்னதென்று அடையாளம் காண்பது, தாவரவியல் மாணவர்கள் பலரையும் திணறவைக்கும் திறன். நான்கு மாதங்களாக அதற்கான பயிற்சி உங்களுக்குக் கிடைத்து வந்திருக்கிறது, யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதைத் தவிர.

தட்டு கழுவுவதும் அப்படியே. நீர்நில வாழ்விகளைக் கொல்லும் ஒருவகைப் பூஞ்சை 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டது. பல நாடுகளில் தவளையினங்கள் அழிந்ததற்கு அதுவே காரணம். அதன் நுண்வித்துகள் நீரில் நீந்துபவை. ஈரமான வலை, தட்டு, காலணி வழியாக ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடியவை. முற்றிலும் உலர்ந்தால் மடிபவை. கழுவிய தட்டை வெயிலில் காயவைக்கும் நீங்கள் குளத்துக்குக் காவல் நிற்கிறீர்கள்.

எல்லாவற்றையும்விட என் கவனத்தை ஈர்த்தது, நீங்கள் சலிப்போடு குறிப்பிடும் பதிவேடுதான். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய வரவை அன்றே எழுதுவது, தேதி இல்லாமல் எதையும் பதியாமல் இருப்பது, நினைவை நம்பிப் பின்னர் நிரப்பாமல் இருப்பது ஆகிய பழக்கங்கள் உங்களுக்கு இயல்பாக இருக்கும். இயற்கை ஆர்வலர்களிடம் மிகவும் அரிதாகக் காணப்படுபவையும் இவையே. ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளர் 1908ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் பெர்க்லி அருங்காட்சியகத்தை நடத்தியபோது, களத்தில் கண்டதை இடம், நேரம், சூழல் ஆகியவற்றுடன் அன்றன்றே எழுதும் முறையைத் தம் குழுவினரிடம் கண்டிப்பாகப் பின்பற்றச் செய்தார். இவற்றின் மதிப்பு விளங்க ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று அவரே கருதினார். 2003இல் தொடங்கிய மறு ஆய்வில், அந்தக் குறிப்பேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குத் திரும்பச் சென்றார்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் சிறு பாலூட்டிகள் பலவற்றின் வாழிட எல்லை சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் மேல்நோக்கி நகர்ந்துவிட்டிருந்தது. பழைய ஏடுகள் இல்லையென்றால் அந்த மாற்றத்தை அளக்க வழியே இருந்திருக்காது.

உங்கள் மையத்தில் எந்த மரம் எப்போது பூத்தது, எந்தத் தவளை எந்த மழைக்குப் பின் முதலில் கத்தியது, குளத்து நீர் எவ்வளவு குறைந்தது என்று யாராவது ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறார்களா என்று விசாரியுங்கள். இல்லை என்றால், அந்தப் பொறுப்பை நீங்கள் கேட்டுப் பெறுங்கள். வளாகம் முழுவதையும் மேற்கொள்ளாதீர்கள். ஒரு மரம், ஒரு குளக்கரை, அல்லது பத்தடி நிலம் போதும். போகும் நாளெல்லாம் முதல் கால் மணி நேரத்தை அங்கேயே செலவிடுங்கள். அடையாளம் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்துடன் பதிந்தால், அறிந்தவர்கள் பெயரைச் சொல்வார்கள். முதல் பதிலையே முடிவாகக் கொள்ளாமல், அவர்கள் எந்த அடையாளத்தை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு அங்கேதான் நடக்கிறது.

மாணவர்கள் இருவருக்கும் அந்த வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரும்பாலும், கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கும். ஒருங்கிணைப்பாளரிடம் தனியாக நேரம் கேட்டு, மூன்று மாதங்களில் ஒரு குழுவை நடத்த விரும்புகிறீர்கள் என்றும், அதுவரை அனுபவமுள்ள ஒருவருடன் துணையாகச் செல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். களையெடுப்பை விட்டுவிடுவதாகச் சொல்லாதீர்கள். அவர்களுக்கும் வேலை நடக்க வேண்டும் அல்லவா? மாதத்தில் எத்தனை நாள் தவறாமல் வர முடியும் என்பதையும் அப்போதே உறுதியாகத் தெரிவியுங்கள். ஆர்வத்தில் வாரம் மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் பிறகு காணாமல் போகிறவரைவிட, மாதம் இரண்டு காலைப் பொழுதுகளைத் தவறவிடாதவரை நம்பியே ஒரு மையம் திட்டமிடுகிறது.

துணையாகச் செல்லும் நாள்களில் பூச்சிப் பெயர்களைவிட, குழுவை நடத்தும் முறையை முதலில் கவனியுங்கள். குழந்தைகளுடன் பெரியவர் ஒருவர் தனித்திருக்கக் கூடாது என்பதால் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டும்போது தம் பக்கமாக உருட்ட வேண்டும். அடியில் பாம்போ தேளோ இருந்தால், கட்டை நமக்குத் தடுப்பாக நிற்க, அது எதிர்ப்பக்கம் போய்விடும். பார்த்து முடித்ததும் கட்டையை இருந்தபடியே வைக்க வேண்டும், ஏனெனில் அடியிலுள்ள உயிர்கள் அந்த ஈரத்தை நம்பி வாழ்கின்றன. குளத்தில் பிடித்தவை அதே குளத்துக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பின்னரும், ஆறு மாதங்கள் கழித்தும் தட்டும் துடைப்பமும் மட்டுமே உங்கள் கைக்கு வருமானால், வருத்தமில்லாமல் வேறு மையத்தைத் தேடுங்கள்.

பட்டயப் படிப்பைப் பற்றி ஒரு சொல். சேருவதற்கு முன், களப்பணிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், அதை நடத்துபவர் களத்தில் பணியாற்றியவரா என்றும் கேளுங்கள். தேர்வுத் தாள்களைப் பற்றி மட்டுமே பேசும் இடமானால் உங்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். சேர்ந்தாலும், மையத்துக்குப் போகும் நாளில் வகுப்பு விழாதபடி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.