ஆறு நாள் லீவில் பூமிக்கு வரலாமா?

கேள்வி: எங்கள் சூரியன் சின்னது, சிவப்பு. அதைச் சுற்றி ஏழு கிரகங்கள், நாங்கள் உள்ளேயிருந்து நாலாவது. சூரியன் எப்போதும் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். எனக்கு வயது ஒன்பதாயிரம். ஒரு முழு வருடம் லீவு கிடைத்திருக்கிறது, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் எல்லோருமாக உங்கள் கிரகத்துக்கு வரலாம் என்று இருக்கிறோம். எங்கே இறங்குவது? விசா வேண்டுமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? எந்தச் சீசன் நல்லது? உங்கள் ரேடியோவில் ஏதோ சண்டை என்று கேட்டோம், முடிந்துவிட்டதா?

பதில்: முதலில் விலாசம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது டிராப்பிஸ்ட்-1 என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் நட்சத்திரம். பெல்ஜியத்துக்காரர்கள் சிலி நாட்டில் வைத்த தொலைநோக்கியின் பெயர் உங்கள் ஊருக்கு ஒட்டிக்கொண்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கிருந்து 40 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஒளியும் ரேடியோ அலையும் வந்து சேரவே அத்தனை வருடம் ஆகும். நான் 2026இல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் உங்கள் கடிதம் கிளம்பியது 1985 வாக்கில், அன்றைக்கு உங்கள் ஆன்டெனாவில் விழுந்துகொண்டிருந்தது 1945 வாக்கில் நாங்கள் விட்ட அலை. அந்தக் காலத்து ரேடியோவில் பெரும்பகுதி எங்கள் காற்றின் மேலடுக்கான அயனி மண்டலத்திலேயே முட்டித் திரும்பிவிடும். அதையும் மீறிக் கசிந்ததை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள் என்றால் உங்களுடையது நல்ல செட். சரி, நீங்கள் கேட்ட சண்டை இரண்டாம் உலகப் போர், அது 1945 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. மற்ற சண்டைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தப் பதில் உங்கள் கையில் கிடைக்கும்போது இங்கே 2066 தாண்டியிருக்கும். அதனால் ஹோட்டல் வாடகை, பிளக் எத்தனை முள் என்பதையெல்லாம் நான் எழுதிப் பயனில்லை. சட்டென்று மாறாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் காற்றையும் ஈர்ப்பையும் நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்படுவார்கள் (உங்களுக்கு ராத்திரியே கிடையாது, மன்னிக்கவும்), கடைசியில் கோட்டிலும் காகிதத்திலும்தான் மாட்டிக்கொள்வார்கள். மனிதர்கள் தரையில் போட்டிருக்கும் கோட்டைச் சொல்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது, கால் வைத்தால் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் லீவு கணக்கு. ஒரு முழு வருடம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருடம் எங்கள் கணக்கில் ஆறு நாள், கூட ஒரு இரண்டரை மணி நேரம். இங்கே வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்வரவே அவ்வளவு ஆகிவிடும். உங்கள் ஒன்பதாயிரம் வயதும் எங்களுக்கு 150தான். எந்த அலுவலகத்திலும் 150 என்றே சொல்லுங்கள், ஆனால் ஆன்லைன் படிவம் நிரப்பாதீர்கள். பிறந்த வருடத்துக்கான பட்டியலில் பலவும் 1900க்குக் கீழே இறங்காது.

இறங்கும் இடத்துக்கு வருவோம். பூமியில் நூற்றுக்கு 71 பங்கு தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் பத்துக்கு ஏழு தடவை கடலில்தான் விழுவீர்கள். மிச்சமிருக்கும் தரையிலும் அண்டார்டிகா பனி, சகாரா மணல், கிரீன்லாந்து பனி என்று ஆளில்லாத பகுதிகளே ஏராளம். பசிபிக்கில் நீமோ முனை என்று ஒரு இடம் இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் பக்கத்துத் தரைக்கு 2,688 கிலோமீட்டர். அந்தப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். காலாவதியான விண்கலங்களை நாங்கள் கொண்டுவந்து போடுவது அந்த வட்டாரத்தில்தான். நீங்கள் இறங்குவதைப் பார்த்தாலும் இன்னொரு குப்பை என்று நினைத்துக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

வேகத்தைக் குறைத்து வாருங்கள், இதை மாமியாருக்காகச் சொல்கிறேன். வெளியேயிருந்து சும்மா விழுகிற பொருளே நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்து சேரும். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு பாறை நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. தரையையே தொடவில்லை, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்துவிட்டது. என்ன வெளிச்சம் என்று ஜன்னல் பக்கம் போனவர்கள் மேல் கொஞ்ச நேரம் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியை உடைத்துப் போட்டது. ஆயிரம் பேருக்கு மேல் காயம். அந்தப் பாறை மாதிரி அறிமுகமாகிவிட்டு அப்புறம் யாரிடமும் அறை வாடகைக்குக் கேட்க முடியாது. 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேயே பிரேக் போட்டுவிடுங்கள், அப்படியே எங்கள் செயற்கைக்கோள்கள் மேல் இடிக்காமலும் வாருங்கள்.

விசா என்று கேட்டீர்கள். ஐ.நா. சபையில் 193 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி முத்திரை. வெளிக்கிரகத்து ஆளுக்கு என்று எந்த வரிசையும் கிடையாது. 1967இல் போட்ட விண்வெளி ஒப்பந்தம் நாங்கள் மேலே போவதைப் பற்றித்தான் பேசுகிறது, மேலேயிருந்து வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் நாசா 1969இல் ஒரு விதி வைத்திருந்தது, வெளி உலகப் பொருளைத் தொட்டவரைத் தனிமைப்படுத்தி வைக்கலாம் என்று. அதையும் 1991இல் எடுத்துவிட்டார்கள். முன்மாதிரி என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. நிலாவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 ஆட்கள் மூன்று பேரும் ஹவாயில் சுங்கப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். புறப்பட்ட இடம்: நிலா. சரக்கு: நிலாக் கல், நிலா மண். நோய் பரவ வாய்ப்புண்டா என்ற கட்டத்தில் 'இனிமேல்தான் தெரியும்' என்கிற பதில். வேடிக்கைக்குச் செய்ததுதான், ஆனாலும் படிவம் நிஜம். நிலாவுக்கே போய்வந்தாலும் படிவம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் போதும்.

முத்திரையே இல்லாமல் கால் வைக்க ஒரு தரை வேண்டுமென்றால் பீர் தவீல் இருக்கிறது. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பாலைவனம். எல்லையை வெள்ளைக்காரன் 1899இல் ஒரு மாதிரியும் 1902இல் வேறு மாதிரியும் போட்டுவைத்தான். பீர் தவீலைத் தன் பக்கம் சேர்க்கும் எல்லைக்கோட்டை ஒப்புக்கொண்டால் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் நல்ல நிலம் கைவிட்டுப் போய்விடும் என்பதால் இரண்டு நாடும் பீர் தவீலை 'உனக்கே இருக்கட்டும்' என்று ஒன்றையொன்று பார்த்துத் தள்ளிவிடுகின்றன. பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினையில் யாரும் கேட்காத மேட்டு நிலம் மாதிரி. அங்கே நீங்கள் தாராளமாக இறங்கலாம். ஆனால் வெளியே வர எந்தப் பக்கம் நடந்தாலும் விசா வேண்டும். ஆறு நாளும் மணலையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

உடம்பு விஷயம் சுருக்கமாக. உங்கள் ஊரைவிட இங்கே ஈர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். முதல் இரண்டு நாள் தோளில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், படி ஏறாதீர்கள். காற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். இந்த ஆக்சிஜன் பொல்லாதது, இரும்பையே தின்றுவிடும். கலத்தை நல்ல பெயின்ட் அடித்து எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டுக்கு என் ஆலோசனை கட்டுச்சோறு. ருசிக்காகச் சொல்லவில்லை. மூலக்கூறுகளிலும் இடக்கை, வலக்கை என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வார்ப்பு உண்டு. எங்கள் உயிர்களின் புரதம் எல்லாம் இடக்கை வார்ப்பான அமினோ அமிலங்களால் ஆனது, சர்க்கரை பெரும்பாலும் வலக்கை வார்ப்பு. உங்கள் உடம்பு நேர்மாறான வார்ப்பாக இருந்தால் தலைவாழை இலை போட்டுச் சாப்பிட்டாலும் இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டிய கதைதான், வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. தண்ணீரும் உப்பும் யாருக்கும் பொது. ஆனால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்பதை யாராவது ஒரு வீட்டு அம்மாவிடம் விளக்கப் பார்க்காதீர்கள். இடக்கை வலக்கை எல்லாம் அங்கே எடுபடாது, 'கொஞ்சமாவது வெச்சுக்கோங்க' என்பதற்கு இதுவரை எந்த வேதியியலும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

மொழி? 1977இல் வாயேஜர் கலத்தில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லித் தங்க முலாம் பூசிய ஒலித்தட்டு அனுப்பினோம். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, யாருமே பேசாத சுமேரியன்கூட இருக்கிறது. தமிழ் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதனால் நீங்கள் எங்கே இறங்கினாலும் முதல் வார்த்தை 'வணக்கம்' என்று சொல்லிவிட்டால் தனிப்பட்ட முறையில் நன்றியுள்ளவனாக இருப்பேன். எங்கள் வானத்தில் உங்கள் ஊர் கும்ப ராசி நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. யாராவது ராசி கேட்டால் தயங்காமல் கும்பம் என்று சொல்லலாம், பொய்யில்லை.

இனி பார்க்க வேண்டியவை. மலை, அருவி, கோட்டை என்று எல்லோரும் சொல்வதை நான் சொல்லமாட்டேன். முதலில் ஒரு தீப்பெட்டி வாங்குங்கள். காற்றில் தாராளமாக ஆக்சிஜனும், எரிய ஏதாவது பொருளும் சேர்ந்திருந்தால்தான் நெருப்பு. எங்கள் சூரியனைச் சுற்றும் மற்ற எந்தக் கிரகத்திலும் குச்சி நின்று எரியாது. இங்கே மட்டும் சரக் என்று ஒரு சத்தம், ஒரு நொடி வெள்ளையாகச் சீறும், அப்புறம் மஞ்சளாக நிமிர்ந்து குச்சியின் மேல் மெதுவாக நடந்து கீழே வரும், விரலைச் சுடுவதற்குள் ஊதி அணைக்க வேண்டும். அணைந்த பிறகு மெல்லிய நூலாகப் புகை ஏறும். பிள்ளைகள் பெட்டி முழுவதையும் காலி செய்வார்கள், இரண்டு பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாயங்காலம். உங்கள் ஊரில் சூரியன் அடித்து வைத்த ஆணி மாதிரி நிற்கிறது என்கிறீர்கள், அதனால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்: இங்கே அது கீழே இறங்கும். ஆறு மணி வாக்கில் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். உங்கள் கண்ணுக்குப் பழக்கமான சிவப்பு அப்போதுதான் எங்கள் வானத்தில் வரும், மாமியார் 'நம்ம ஊர் மாதிரி இருக்கே' என்பார். காக்கைகள் ஒரே திசையில் போகும். கொடியில் மறந்துபோன துணியை யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். தெருவிளக்கு ஒன்று இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரியும். அப்புறம் எல்லாம் கருப்பு. அலறாதீர்கள், எதுவும் பழுதாகவில்லை, காலையில் எதிர்ப்பக்கத்தில் திரும்ப வரும். அந்த இடைவெளியில் மனிதர்கள் படுத்துக் கண்ணை மூடி ஏழெட்டு மணி நேரம் நடக்காததையெல்லாம் நடந்ததாகப் பார்ப்பார்கள். அதை ஆரோக்கியம் என்கிறோம்.

கடைசியாகச் சீசன், எல்லாக் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. எங்கள் சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு அகலம், ஏறக்குறைய 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும், ஒன்று மற்றதை மூடி போட்ட மாதிரி மறைக்கும். உங்கள் சூரியன் உங்கள் வானத்தில் இதைப்போல் நாலு மடங்கு அகலம். பக்கத்துக் கிரகம் குறுக்கே போனாலும் முகத்தில் ஒரு பொட்டு நகர்கிற மாதிரிதான் இருக்கும். முழு கிரகணத்துக்கு இங்கேதான் வர வேண்டும். கி.மு. 4000 முதல் கி.பி. 6000 வரை போட்ட கணக்கில் மிக நீளமானது 2186 ஜூலை 16இல் வருகிறது. 7 நிமிடம் 29 விநாடி. கடிதம் கிடைத்ததும் 2067இல் கிளம்பினால் 119 வருடம் இருக்கிறது, ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் போதும்.

அது எங்கே தெரியும் தெரியுமா? தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில். மேலே கடலில் விழாதீர்கள் என்று பயமுறுத்தினேன், இப்போது அங்கேயே போகச் சொல்கிறேன். கரையிலிருந்து 200 கடல் மைல் தாண்டிவிட்டால் அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, முத்திரை குத்த ஆளில்லை. கிரகணம் மிக நீளமாகத் தெரியும் இடம் அதற்கும் அப்பால். ஒரே ஒரு காகிதம் மட்டும் அங்கேயும் துரத்தும்: கப்பலுக்கு ஏதாவது ஒரு நாட்டுக் கொடி வேண்டும். கொடியில்லாத கப்பலை எந்தப் போர்க்கப்பலும் நிறுத்தி ஏறிப் பார்க்கலாம். உங்கள் கலத்தைப் பார்த்தால் நிச்சயம் ஏறிப் பார்ப்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது, கடலே இல்லாத மங்கோலியாகூடக் கப்பலுக்குக் கொடி கொடுக்கிறது, விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் கொடியோடு ஒரு படகை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம், எனக்கு அதுதான் உத்தமமாகப் படுகிறது. ஜூலை 12 வந்து இறங்குங்கள், ஈர்ப்பு பழக நாலு நாள், ஐந்தாம் நாள் கிரகணம். மேகம் ஒன்றுதான் பயம், அந்தப் பக்கத்தில் அது மழை மாதம்.

கிளம்பும்போது ஒரு வரி எழுதிப் போடுங்கள். ரேடியோவில் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அது வந்து சேர்ந்துவிடும், படகு பேசி முன்பணம் கொடுத்து வைக்க எங்கள் அலுவலகத்துக்கு எழுபது எண்பது வருடம் கிடைக்கும். மாமியாருக்கு ஆட்டம் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள், படகில் வாந்தி வராத இடம் நடுவில்தான், அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.